எத்தனை சீவர்ட், எவ்வளவு நேரத்தில், உடலில் எங்கே?



2011 மார்ச் 15ஆம் தேதி காலை, ஜப்பான் அரசின் தலைமை அமைச்சரவைச் செயலாளர் யுகியோ எடானோ செய்தியாளர்கள் முன்னால் வந்து, விபத்துக்குள்ளான ஃபுகுஷிமா அணுமின் நிலையத்தில் எடுத்த அளவீடுகளை வாசித்தார். மூன்றாம் உலையின் அருகே 400. நான்காம் உலையின் அருகே 100. இரண்டாம் உலைக்கும் மூன்றாம் உலைக்கும் நடுவே 30. அதற்கு முந்தைய நாட்களிலும் நூறு, ஆயிரம் என்ற கணக்கில் எண்கள் வந்துகொண்டுதான் இருந்தன. காதால் கேட்பவருக்கு நிலைமை அப்படியே இருப்பதுபோலத் தோன்றியிருக்கும். அதனால் எடானோ ஒன்றை அழுத்திச் சொன்னார்: இதுவரை சொன்னவை மைக்ரோசீவர்ட், இப்போது சொல்பவை மில்லிசீவர்ட். ஒன்றுக்கொன்று ஆயிரம் மடங்கு. அந்த நெருக்கடியில் அவர் செய்த பல காரியங்கள் விமர்சிக்கப்பட்டன. இந்த ஒரு விளக்கத்துக்காக நான் அவரை மதிக்கிறேன்.

ஆனால் மில்லியா மைக்ரோவா என்று பார்த்தால் மட்டும் போதாது. அந்த 400க்குப் பின்னால் 'ஒரு மணி நேரத்துக்கு' என்று இருந்தது. செய்தி வாய்க்கு வாய் மாறும்போது முதலில் உதிர்ந்துபோவது இந்தச் சொற்கள்தான். மணிக்கு 400 மில்லிசீவர்ட் உள்ள இடத்தில் ஒருவர் 3 நிமிடம் நின்றால் 20 மில்லிசீவர்ட் அவர் உடலில் சேரும். நம் நாட்டில் கதிர்வீச்சுப் பணியாளருக்கு ஓர் ஆண்டு முழுமைக்கும் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் அனுமதிக்கும் சராசரி அளவு அது. 15 நிமிடம் நின்றால் 100 மில்லிசீவர்ட். ஜப்பானில் அவசரகாலப் பணியாளருக்கு அதுவரை இருந்த உச்சவரம்பு அவ்வளவுதான். அந்த வரம்பை அந்த மார்ச் மாதத்திலேயே 250 ஆக உயர்த்தினார்கள். 100க்குள் நின்றுகொண்டு அந்த உலைகளின் அருகே வேலை பார்க்க முடியாது என்பதே காரணம்.

அதே சமயம், அந்த 400 ஒரே ஓர் இடத்தின் அளவு. வெடித்துச் சிதறிய கட்டடத்தின் பக்கத்தில் எடுத்தது. நிலையத்தின் வேலிக்கு வெளியிலோ, 20 கிலோமீட்டர் தள்ளியோ இருந்த யாரும் அந்த அளவுக்குள் நிற்கவில்லை. ஆக, ஒரு எண்ணோடு அலகு, நேரம், இடம் மூன்றும் வந்தால்தான் அது தகவல். இல்லாவிட்டால் அது கேட்பவரின் மனநிலைக்கு ஏற்ப அச்சமாகவோ ஆறுதலாகவோ மாறிவிடும். இரண்டுமே ஆபத்து.

நான் புற்றுநோய் சிகிச்சையில் கதிர்வீச்சு அளவுகளைக் கணக்கிடும் வேலையில் இருப்பவன். என்னிடம் வரும் கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே சிக்கலிலிருந்து பிறக்கின்றன. மூன்று வேறு கேள்விகளுக்கான விடைகளை மக்கள் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். ஒரு பொருளிலிருந்து எவ்வளவு வெளிவருகிறது என்பது ஒரு கேள்வி. அதன் அலகு பெக்கரல். உடலில் எவ்வளவு இறங்கியது என்பது இன்னொன்று. அதன் அலகு கிரே. அதனால் எவ்வளவு கேடு வரக்கூடும் என்பது மூன்றாவது, அதற்குத்தான் சீவர்ட்.

பெக்கரலிலிருந்து தொடங்குகிறேன். அதே மார்ச் 23ஆம் தேதி, டோக்கியோவின் கனமாச்சி நீர்சுத்திகரிப்பு நிலையத்தின் தண்ணீரில் கிலோவுக்கு 210 பெக்கரல் அயோடின்-131 இருப்பதாக அறிவித்தார்கள். பெரியவர்களுக்கான வரம்பு 300, கைக்குழந்தைகளுக்கு 100. குழந்தைகளுக்குக் குழாய்த் தண்ணீரில் பால் கலக்க வேண்டாம் என்றார்கள். கடைகளில் பாட்டில் தண்ணீர் தீர்ந்துபோனது. மறுநாளே அளவு 79க்கு இறங்கிவிட்டது.

ஒரு பெக்கரல் என்றால் ஒரு வினாடிக்கு ஓர் அணு சிதைகிறது என்று பொருள். 210 பெக்கரல் என்றால் அந்த ஒரு லிட்டரில் வினாடிக்கு 210 அணுக்கள் சிதைகின்றன. இதிலிருந்து கேட்டைக் கணக்கிட, எந்தத் தனிமம், எந்த வழியாக உடலுக்குள் போகிறது, யார் உடலுக்குள் போகிறது என்பவை தெரிய வேண்டும். பன்னாட்டுக் கதிரியக்கப் பாதுகாப்பு ஆணையம் ஒவ்வொரு தனிமத்துக்கும் ஒவ்வொரு வயதுக்கும் இதற்கான பெருக்கல் எண்களை வெளியிட்டிருக்கிறது. அந்தத் தண்ணீரில் ஒரு லிட்டரைப் பெரியவர் ஒருவர் குடித்திருந்தால் சுமார் 5 மைக்ரோசீவர்ட். அதே ஒரு லிட்டர் ஒரு கைக்குழந்தைக்குப் போயிருந்தால் சுமார் 38 மைக்ரோசீவர்ட், எட்டு மடங்கு. உடலுக்குள் போகும் அயோடினைத் தைராய்டு சுரப்பி இழுத்துக்கொள்கிறது. கைக்குழந்தையின் தைராய்டு இரண்டு கிராம்கூட இருக்காது. அதே அயோடின் அத்தனை சிறிய இடத்தில் போய்க் குவிகிறது. பெக்கரல் மாறவில்லை, உடல் மாறிவிட்டது.

38 மைக்ரோசீவர்ட் என்பது விமானத்தில் அட்லாண்டிக் பெருங்கடலை ஒருமுறை கடப்பவருக்கு விண்வெளிக் கதிர்களால் கிடைப்பதை ஒட்டிய அளவுதான். அப்படியானால் டோக்கியோ நகராட்சி பயந்துவிட்டதா? இல்லை, அவர்கள் செய்தது சரி. அன்று காலை அந்த 210 ஏறுமா இறங்குமா என்று யாருக்கும் தெரியாது. குழந்தைக்குப் பால் கலப்பது ஒரு நாளோடு முடிகிற விஷயமும் அல்ல.

பெக்கரல் மிகச் சிறிய அலகு என்பதால் எண்கள் பிரம்மாண்டமாக வரும். உங்கள் ஒவ்வொருவர் உடலிலும் இயற்கையான பொட்டாசியம்-40 மட்டுமே ஏறத்தாழ 4,000 பெக்கரல் இருக்கிறது. நாம் உண்ணும் கீரையிலிருந்தும் வாழைப்பழத்திலிருந்தும் பருப்பிலிருந்தும் வந்தது. எவ்வளவு சாப்பிட்டாலும் உடல் தனக்கு வேண்டிய பொட்டாசியத்தை மட்டும் வைத்துக்கொண்டு மீதியை வெளியேற்றிவிடும். பழைய அலகான கியூரி பெக்கரலுக்கு நேர்மாறு, மிகப் பெரியது. 1 கிராம் ரேடியத்தை அளவுகோலாக வைத்து 1910இல் உருவானது அது. ஒரு கியூரி என்பது 3,700 கோடி பெக்கரல். 1987இல் பிரேசிலின் கோயானியா நகரில், கைவிடப்பட்ட ஒரு சிகிச்சை மையத்திலிருந்து சீசியம்-137 இருந்த கருவியைச் சிலர் பழைய இரும்பாக எடுத்துப்போய் உடைத்தார்கள். உள்ளே இருந்தது 93 கிராம் தூள். அதன் அளவைக் கியூரியில் சொன்னால் 1,375. பெக்கரலில் சொன்னால் சுமார் 51 லட்சம் கோடி. ஒரே தூள்தான். இருட்டில் நீலமாக ஒளிர்ந்த அதைக் கையில் பூசிக்கொண்டவர்கள் இருந்தார்கள், வீட்டுக்கு எடுத்துப்போனவர்கள் இருந்தார்கள். ஒரு லட்சத்துப் பன்னிரண்டாயிரம் பேரைச் சோதித்தார்கள். 249 பேரிடம் மாசு இருந்தது. நான்கு பேர் இறந்தார்கள். இறந்தவர்களில் ஒரு சிறுமி, தூள் பட்ட கையால் சாப்பிட்டவள். அந்தத் தூளின் பெக்கரலைத் தெரிந்துகொண்டு மட்டும் யார் பிழைப்பார், யார் பிழைக்கமாட்டார் என்று மருத்துவர்களால் சொல்லியிருக்க முடியாது. எவ்வளவு நேரம் தொட்டார், எவ்வளவு அருகில் வைத்துக்கொண்டு தூங்கினார், வாய்வழி உள்ளே போனதா என்பவைதான் அதைத் தீர்மானித்தன.

உடலில் இறங்கியதை அளக்கும் கலை அவ்வளவு எளிதாக வந்துவிடவில்லை. 1895 நவம்பரில் ராண்ட்ஜன் எக்ஸ் கதிரைக் கண்டறிந்ததும் உலகம் முழுவதும் மருத்துவர்கள் அதைக் கையில் எடுத்துவிட்டார்கள், அளக்கத்தான் ஏதுமில்லை. தோல் எப்போது சிவக்கிறது என்று பார்ப்பதே நெடுங்காலம் அளவுகோலாக இருந்தது. தோல் சிவந்தால் அது ஒரு 'டோஸ்'. நோயாளிக்கு அப்படி, கருவியைச் சரிபார்க்கத் தன் கையையே கதிருக்கு நேரே நீட்டியவர்களுக்கு? எடிசனின் உதவியாளராக இருந்த கிளாரன்ஸ் டாலி அப்படித்தான் இரண்டு கைகளையும் இழந்து 1904இல் இறந்தார். டாலியின் நிலையைக் கண்ட எடிசன் எக்ஸ் கதிர் ஆய்வையே கைவிட்டார்.

1928இல் ஸ்டாக்ஹோமில் கூடிய கதிரியல் மாநாட்டில்தான் ராண்ட்ஜன் என்ற அலகை உலகளவில் ஏற்றுக்கொண்டார்கள். அந்த அலகு உடலை அளப்பதில்லை, காற்றை அளக்கிறது. கதிர் காற்றில் எவ்வளவு மின்னூட்டத்தை உண்டாக்குகிறது என்பதே அதன் கணக்கு. காற்றை அளப்பது சுலபம், கருவி செய்வதும் சுலபம். அதனால் அரை நூற்றாண்டு அது ஆட்சி செய்தது.

செர்னோபிலில் அணு உலை வெடித்த 1986 ஏப்ரல் 26 அதிகாலையில் மேலிடத்துக்குப் போன எண் இந்த அலகில்தான் இருந்தது: மணிக்கு 3.6 ராண்ட்ஜன். தொலைக்காட்சித் தொடர் ஒன்றின் மூலம் இந்த எண் இன்று உலகம் முழுவதும் தெரிந்திருக்கிறது. அது எப்படி வந்தது என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். அங்கே கைக்கு எட்டிய கருவிகளின் அளவுகோல் வினாடிக்கு 1,000 மைக்ரோராண்ட்ஜன் வரைதான். முள் அந்தக் கோடியில் போய் நின்றுவிட்டது. வினாடிக்கு 1,000 மைக்ரோராண்ட்ஜனை 3,600ஆல் பெருக்கினால் மணிக்கு 3.6 ராண்ட்ஜன். அதாவது 3.6 என்பது அங்கே இருந்த கதிர்வீச்சின் அளவே அல்ல, அந்தக் கருவி காட்டக்கூடிய உச்சம். 'குறைந்தது 3.6' என்று சொல்லியிருக்க வேண்டியதை '3.6' என்று சொன்னார்கள். சிதறிக் கிடந்த எரிபொருளின் அருகே உண்மையான அளவு மணிக்கு ஆயிரக்கணக்கான ராண்ட்ஜன். அந்த இரவில் அங்கே வேலை பார்த்தவர்களிலும் தீயணைப்பு வீரர்களிலும் 134 பேருக்குக் கடும் கதிர்வீச்சு நோய் வந்தது. அந்த ஆண்டிலேயே 28 பேர் அதனால் இறந்தார்கள். கருவி எந்த எல்லைவரை அளக்கும் என்று தெரியாமல் அதன் முள்ளை நம்பக் கூடாது என்பதை என் மாணவர்களுக்கு முதல் வகுப்பிலேயே சொல்லிவிடுகிறேன்.

காற்றை விட்டு உடலுக்கு வருவோம். ஒரு கிலோ திசுவில் ஒரு ஜூல் ஆற்றல் இறங்கினால் அது ஒரு கிரே. கதிர்வீச்சு உயிரணுக்களை எப்படிக் கொல்கிறது என்று வாழ்நாள் முழுவதும் ஆராய்ந்த ஆங்கில இயற்பியலாளர் லூயிஸ் ஹெரால்டு கிரேயின் பெயர். 1975இல் பன்னாட்டு அலகானது. அதற்கு முன் இருந்த 'ரேட்' அதில் நூறில் ஒரு பங்கு. பழைய புத்தகங்களில் இன்னும் பார்க்கலாம்.

உடல் முழுவதும் ஒரே வீச்சில் 4 கிரே பட்டால், சிகிச்சை இல்லாவிட்டால், ஏறக்குறையப் பாதிப்பேர் இறந்துவிடுவார்கள். இந்த 4 கிரே என்பது எவ்வளவு ஆற்றல் என்று கணக்கிட்டுப் பாருங்கள். 70 கிலோ எடையுள்ளவருக்கு 280 ஜூல். 60 டிகிரிச் சூட்டில் உள்ள காப்பியை அரை டீஸ்பூனுக்குச் சற்று அதிகமாகக் குடித்தால் உடலுக்குக் கிடைக்கும் வெப்பம் அதே அளவுதான். உடலின் சூடு ஆயிரத்தில் ஒரு டிகிரி ஏறும், அவ்வளவே. காப்பியின் வெப்பம் எல்லா மூலக்கூறுகளுக்கும் சமமாகப் பரவிவிடுகிறது. கதிர்வீச்சின் ஆற்றல் அப்படிப் பரவுவதில்லை. சின்னஞ்சிறு பொட்டலங்களாக, போகிற வழியில் எலெக்ட்ரான்களைப் பிடுங்கிக்கொண்டு இறங்குகிறது. ஒரு கிரே பட்டால் ஒவ்வொரு உயிரணுவிலும் சுமார் 40 இடங்களில் டி.என்.ஏ.வின் இரண்டு இழைகளும் சேர்ந்து அறுந்துபோகின்றன. உயிரணு அவற்றில் பெரும்பாலானவற்றைத் தைத்துவிடும். தைக்க முடியாததும் தவறாகத் தைத்ததும்தான் பிரச்சினை. தோலுக்குச் சூடு தெரியாது, நாக்குக்குச் சுவை தெரியாது. கருவி ஒன்றே நமக்குத் துணை.

இங்கேதான் எங்கள் சிகிச்சைப் பிரிவில் ஒரு கேள்வி அடிக்கடி வரும். டிஸ்சார்ஜ் தாளில் '60 கிரே, 30 முறை' என்று எழுதியிருக்கும். இணையத்தில் தேடிப் பார்த்த மகனோ மகளோ, "சார், 4 கிரேயிலேயே ஆள் செத்துடுவாங்கன்னு போட்டிருக்கு, அம்மாவுக்கு 60 குடுத்திருக்கீங்களே?" என்று கேட்பார்கள். அவர்கள் கேட்பதில் தவறே இல்லை. தாளில் அந்த 60 எங்கே என்று எழுதியிருக்க வேண்டும். அது கட்டி இருக்கும் அந்தச் சில அங்குல இடத்துக்கு மட்டும். உடல் முழுவதுக்கும் அல்ல. மேலும் ஒரே நாளில் அல்ல. நாளுக்கு 2 கிரே, வாரத்துக்கு ஐந்து நாள், ஆறு வாரம். இரண்டு நாட்களுக்கு நடுவே சுற்றியுள்ள நல்ல திசு தன்னைச் சரிசெய்துகொள்கிறது. கட்டியின் உயிரணுக்களுக்கு அந்தத் திறமை குறைவு. கதிர்வீச்சுச் சிகிச்சை என்ற துறையே இந்த வேறுபாட்டின் மேல்தான் நிற்கிறது. அதே 60 கிரே, இடத்தையும் நேரத்தையும் எடுத்துவிட்டால் கொலை. இரண்டையும் சேர்த்தால் மருத்துவம்.

இப்போது சீவர்ட். பொதுமக்கள் அதிகம் கேட்கும் அலகு இதுதான். அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் இதுதான். சுவீடன் நாட்டு இயற்பியலாளர் ரோல்ஃப் சீவர்ட், கதிரிலிருந்து மனிதரைக் காப்பதற்கான விதிகளை உருவாக்கிய முன்னோடிகளில் ஒருவர். அவர் பெயரில் இந்த அலகு 1979இல் வந்தது. கிரேயை எடுத்துக்கொண்டு அதை இருமுறை எடைபோட்டால் சீவர்ட் கிடைக்கும்.

முதல் எடை, கதிரின் வகைக்கு. எக்ஸ் கதிர், காமா, பீட்டா இவற்றுக்கு 1. ஆல்ஃபாவுக்கு 20. ஆல்ஃபா துகள் ஒரு காகிதத்தைக்கூடத் தாண்டாது. ஆனால் உடலுக்குள் போய்விட்டால் தன் ஆற்றல் முழுவதையும் ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்குக்குள் கொட்டிவிடும். டி.என்.ஏ.வை ஒரே இடத்தில் பல துண்டாக்கும். அதனால்தான் அந்த 20. சாதாரணக் காமா அளவியை மேசையில் வைத்துவிட்டு 'ஒன்றும் இல்லை' என்று சொன்னால், ஆல்ஃபா இருந்தாலும் அந்தக் கருவிக்குத் தெரியாது.

இரண்டாவது எடை, உறுப்புக்கு. எலும்பு மஜ்ஜை, நுரையீரல், இரைப்பை, பெருங்குடல், மார்பகம் ஒவ்வொன்றுக்கும் 0.12. தைராய்டு, கல்லீரல், உணவுக்குழாய், சிறுநீர்ப்பை 0.04. தோலுக்கும் மூளைக்கும் 0.01. எல்லாவற்றையும் கூட்டினால் 1 வரும். உடலின் ஒரு பகுதிக்குக் கிடைத்த கதிர்வீச்சை, 'உடல் முழுவதும் சமமாகக் கிடைத்திருந்தால் எவ்வளவுக்குச் சமம்' என்று மாற்றிச் சொல்ல இந்த ஏற்பாடு.

சிக்கல் என்னவென்றால், முதல் எடையை மட்டும் போட்டால் வருவதற்கும், இரண்டு எடையும் போட்ட பிறகு வருவதற்கும் ஒரே பெயர். இரண்டையும் சீவர்ட் என்றே சொல்கிறோம். ஒரு குழந்தையின் தைராய்டுக்கு 50 மில்லிசீவர்ட் என்றால், முழு உடல் கணக்கில் அது 50ஐ 0.04ஆல் பெருக்கி 2 மில்லிசீவர்ட். ஓர் அறிக்கை 50 என்கிறது, இன்னொன்று 2 என்கிறது, இரண்டும் சரி. ஆனால் பெற்றோருக்கு எதைச் சொல்ல வேண்டும்? தைராய்டின் கணக்கைத்தான் என்பது என் கருத்து. செர்னோபிலைச் சுற்றியிருந்த பகுதிகளில் அயோடின் கலந்த பாலைக் குடித்த பிள்ளைகளுக்கு என்ன நேர்ந்தது என்று நமக்குத் தெரியும். விபத்தின்போது 18 வயதுக்குள் இருந்தவர்களில் 2005 வரை 6,000க்கும் மேற்பட்ட தைராய்டுப் புற்றுநோய்கள் பதிவாயின. அவற்றில் கணிசமான பங்கு அந்தப் பாலால் வந்தது என்கிறது ஐ.நா.வின் அறிவியல் குழு. முழு உடலின் சராசரிக்குள் ஓர் உறுப்பின் துயரத்தை மறைத்துவிட முடியும். மறைக்க நினைக்காதவர்களும் அறியாமல் மறைத்துவிடுவார்கள்.

இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும். கிரே என்பது இயற்பியல்; வெப்பமானியை வைத்துக்கூட அளந்துவிடலாம். சீவர்ட் என்பது வல்லுநர்கள் கூடி, ஹிரோஷிமா, நாகசாகியில் உயிர் பிழைத்தவர்களைப் பல பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வுகளைப் பார்த்து, எடுத்த முடிவு. புதிய சான்று வரும்போது முடிவு மாறும். மார்பகத்தின் எடை 1990இல் 0.05, 2007இல் 0.12. இனப்பெருக்க உறுப்புகளுக்கு 0.20 இருந்தது 0.08 ஆனது. 2006இல் எடுத்த ஒரு ஸ்கேனை இன்று மறுபடி கணக்கிட்டால் வேறு சீவர்ட் வரும். உடலில் இறங்கியது அதேதான். ஆண், பெண், முதியவர், சிறுவர் எல்லாரையும் சேர்த்துச் சராசரியாக்கிய ஒரு மனிதருக்கான எண் அது. எழுபது வயது முதியவருக்கும் ஐந்து வயதுச் சிறுமிக்கும் ஒரே சீவர்ட் ஒரே ஆபத்து அல்ல. பணியிடத்தில் வரம்பு வைப்பதற்கும், ஒரு பரிசோதனையை இன்னொன்றோடு ஒப்பிடுவதற்கும் அது அருமையான கருவி. ஒரு தனி மனிதருக்குப் புற்றுநோய் வருமா என்று சோதிடம் பார்க்க அது உதவாது. செர்னோபில் தீயணைப்பு வீரர்போல ஒரே இரவில் பெரும் அளவு வாங்கியவருக்கும் அது பொருந்தாது. அங்கே கிரேதான் பேச வேண்டும்.

ஆபத்தின் அளவு என்ன? ஆயிரம் பேருக்கு ஆளுக்கு 100 மில்லிசீவர்ட் கிடைத்தால், வாழ்நாளில் கூடுதலாக ஐந்து பேர் அளவில் புற்றுநோய் வரக்கூடும் என்பது பன்னாட்டுக் கதிரியக்கப் பாதுகாப்பு ஆணையத்தின் கணிப்பு. அப்படிக் கூடுதல் கதிர் படாத ஆயிரம் பேரிலேயே நூற்றுக்கு மேற்பட்டோருக்கு அந்நோய் வரத்தான் செய்கிறது. 100க்குக் கீழே போகப் போக இந்த ஐந்து அந்த நூற்றுக்குள் கரைந்து, ஆய்வாளர் கண்ணுக்குத் தெரியாமல் போகிறது. தெரியவில்லை என்பதால் இல்லை என்று எடுத்துக்கொள்ளாமல், அளவு குறையக் குறைய ஆபத்தும் அதே விகிதத்தில் குறையும் என்று வைத்துக்கொண்டு விதிகளை எழுதியிருக்கிறார்கள். இந்த எச்சரிக்கையை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன்.

உலக மனிதர் ஒருவருக்கு இயற்கையிலிருந்து ஆண்டுக்குச் சராசரி 2.4 மில்லிசீவர்ட் கிடைக்கிறது. அதில் ஏறக்குறையப் பாதி, மண்ணிலிருந்து எழும் ரேடான் வாயுவால். நம் தென்கோடிக் கடற்கரையில் இது கூடுதல். குமரி மாவட்டம் மணவாளக்குறிச்சியிலிருந்து கேரளத்தின் சவரா, கருநாகப்பள்ளி வரை கடல்மணலில் மோனசைட் இருக்கிறது. அதில் தோரியம். கருநாகப்பள்ளியில் சில இடங்களில் ஆண்டுக்கு 70 மில்லிகிரே வரை அளந்திருக்கிறார்கள். திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையம் அங்கே ஏறத்தாழ 70,000 பேரைப் பத்தாண்டுக்கு மேல் தொடர்ந்து கவனித்து 2009இல் முடிவை வெளியிட்டது. மணலின் கதிர்வீச்சால் புற்றுநோய் கூடியதாகத் தெரியவில்லை.

இந்த ஆய்வைக் கூடங்குளம் அணுமின் நிலையம் பற்றிய விவாதங்களில் சிலர் கேடயமாகத் தூக்கிப் பிடிப்பதைப் பார்த்திருக்கிறேன், அது நியாயமல்ல. கடற்கரையில் வெளியிலிருந்து காமா கதிர் ஆண்டு முழுவதும் மெல்ல மெல்லப் படுகிறது. விபத்து நடந்த உலையிலிருந்து வரும் அயோடினும் சீசியமும் உணவின் வழியே உள்ளே போய் உறுப்புகளில் தங்குகின்றன. இரண்டும் ஒன்றல்ல. மறுபக்கத்தில், உலையின் வேலி அருகே கருவி 'டிக் டிக்' என்று சத்தமிடுவதைக் காணொலியாக்கி, அலகே சொல்லாமல் பரப்புவதும் நியாயமல்ல. அந்தச் சத்தம் மணவாளக்குறிச்சி மணலில் இன்னும் வேகமாகக் கேட்கும். அணுமின் நிலையத்தால் பொதுமக்களுக்கு ஆண்டுக்கு 1 மில்லிசீவர்ட்டுக்கு மேல் சேரக் கூடாது என்பது விதி. இது இயற்கையானதும் மருத்துவத்தால் வருவதும் நீங்கலாக. சுற்றுவட்டார ஊர்களின் மீனிலும் பாலிலும் நீரிலும் எடுத்த அளவீடுகளை, எந்தத் தனிமம், கிலோவுக்கு எத்தனை பெக்கரல், ஆண்டுக்கு எத்தனை மைக்ரோசீவர்ட் என்று தமிழில், ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்ட வேண்டும். கேட்பது மக்களின் உரிமை.

ஆனால் நம்மில் பெரும்பாலோருக்குச் செயற்கைக் கதிர்வீச்சு அணு உலையிலிருந்து வருவதில்லை, ஸ்கேன் மையத்திலிருந்து வருகிறது. மார்பு எக்ஸ்ரே ஒன்றுக்கு 0.02 முதல் 0.1 மில்லிசீவர்ட். தலைக்கு சி.டி. சுமார் 2. வயிற்றுக்கு சி.டி. 8, 10. எம்.ஆர்.ஐ.க்கும் அல்ட்ராசவுண்டுக்கும் இந்தக் கணக்கே இல்லை.

அங்கே வேலை செய்யும் டெக்னீஷியன்களின் நெஞ்சில் ஒரு சிறு பிளாஸ்டிக் கூடு தொங்கும்: டி.எல்.டி. பேட்ஜ். உள்ளே ஓர் அலுமினியத் தகடு, அதில் மூன்று வெள்ளை வில்லைகள். கால்சியம் சல்ஃபேட்டில் டிஸ்ப்ரோசியம் கலந்தவை. ஒன்றின் மேல் உலோக மறைப்பு, இன்னொன்றின் மேல் பிளாஸ்டிக், மூன்றாவது திறந்தபடி. மூன்று மாதம் பட்ட கதிரின் ஆற்றலை அவை பிடித்து வைத்திருக்கும். ஆய்வகத்தில் சூடாக்கினால் அதை ஒளியாக விட்டுவிடும். மூன்று வில்லைகளின் ஒளியையும் ஒப்பிட்டு எந்த வகைக் கதிர், எவ்வளவு என்று கண்டுபிடிக்கிறார்கள். இத்தனை நுட்பமான பொருளை மேசை இழுப்பறையில் போட்டுவிட்டு வேலை பார்க்கும் இளைஞர்களைப் பல இடங்களில் பார்த்திருக்கிறேன். "பூஜ்யம்தான் சார் வருது" என்பார்கள். இழுப்பறைக்கு வந்த பூஜ்யம் அது. ஈய ஏப்ரனுக்கு உள்ளே, மார்பில் அணியுங்கள். உங்கள் உடலுக்கான சாட்சி அது ஒன்றுதான். நிர்வாகம் பேட்ஜ் தராவிட்டால் கேட்டு வாங்குங்கள்.

நோயாளிகளுக்குச் சொல்வது இதுதான். சி.டி. எடுத்த பின் கணினி ஒரு பக்கம் தயாரிக்கும். 'டோஸ் ரிப்போர்ட்' என்று பெயர். பல மையங்களில் அது படத்தோடு நோயாளி கைக்கு வருவதில்லை. கேளுங்கள், தருவார்கள். அதில் டி.எல்.பி. என்று ஓர் எண் இருக்கும், மில்லிகிரே சென்டிமீட்டரில். வயிற்று ஸ்கேன் என்றால் அதை 0.015ஆல் பெருக்குங்கள், மில்லிசீவர்ட் கிடைக்கும். 500 இருந்தால் 7.5. மருந்து செலுத்துவதற்கு முன், பின், பிறகு இன்னொரு முறை என மூன்று கட்டம் எடுத்தால் 1,500, அதாவது 22க்கு மேல். மூன்று கட்டமும் வேண்டுமா என்று மருத்துவரைக் கேட்கலாம். வேண்டும் என்று அவர் காரணம் சொன்னால் தயங்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். கண்டுபிடிக்காமல் விட்ட கட்டி 22 மில்லிசீவர்ட்டைவிடப் பன்மடங்கு கொடியது. தேவையில்லாமல் ஆறு மாதத்துக்குள் மூன்று மையங்களில் மூன்று முறை எடுப்பதைத்தான் தடுக்க வேண்டும். பழைய படங்களையும் அந்தத் தாளையும் ஒரே கோப்பில் வைத்திருந்தால் பாதி நேரம் மறு ஸ்கேன் தேவைப்படாது.

குழந்தைக்கு எடுத்தால் அதே தாளில் இன்னொன்றையும் பாருங்கள். டோஸ் எண்ணின் பக்கத்தில் 16 சென்டிமீட்டர் அல்லது 32 சென்டிமீட்டர் என்று இருக்கும். கருவி குழந்தையை அளப்பதில்லை; அந்த விட்டமுள்ள ஒரு பிளாஸ்டிக் உருளையை அளந்து வைத்த கணக்கையே காட்டுகிறது. 32 என்பது பெரியவரின் வயிற்றுக்கான உருளை. ஒல்லியான சிறு பிள்ளைக்கு 32 என்று போட்டு வந்த எண்ணைவிட உண்மையில் உடலில் இறங்கியது இரண்டு மடங்குக்கு மேலும் இருக்கலாம். குழந்தையின் உடல் அளவுக்கு ஏற்ப அதைத் திருத்த அட்டவணைகள் இருக்கின்றன. மையத்தில் உள்ள மருத்துவ இயற்பியலாளரிடம் திருத்திய எண்ணைக் கேட்டு, தேதியோடு, பிள்ளையின் தடுப்பூசி அட்டை இருக்கும் அதே உறையில் எழுதி வையுங்கள்.